நூறு நெடுவரிசைகளுக்கு ஒரே கட்டளை

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் என்ற நிரல்மொழியைக் கணினியில் நிறுவும்போது, கேட்காமலேயே சில மாதிரி அட்டவணைகளும் கூடவே வந்துவிடும். அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஏர்குவாலிட்டி’. 1973 மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நியூயார்க் நகரத்துக் காற்றை நாள்தோறும் அளந்து எழுதிய கணக்கு அது. நாளுக்கு ஒன்று வீதம் 153 கிடைவரிசைகள். நெடுவரிசைகள் ஆறு: ஓசோன், சூரியக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், வெப்பநிலை, மாதம், தேதி. புள்ளியியல் நிரல் எழுதப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் அமைவது கடினம் என்பேன். அட்டவணை சிறியதுதான், ஆனால் நிஜத் தரவில் இருக்கும் அழுக்கு எல்லாம் இதிலும் இருக்கிறது.

மொத்தம் 918 கட்டங்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனால் கண் வலிக்கும், ஒன்றும் விளங்காது. ஒரு நெடுவரிசை முழுவதையும் நான்கைந்து எண்களில் அடக்கிச் சொல்வதைத்தான் சுருக்கப் புள்ளிவிவரம் என்கிறோம். ஓசோனை எடுத்துக்கொள்வோம். மிகக் குறைந்த மதிப்பு 1, மிக அதிகமானது 168. சராசரி 42.13. மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நட்டநடுவில் நிற்பது இடைநிலை. இங்கே அது 31.5. கால் பங்குத் தொலைவில் நிற்பது முதல் கால்மானம், 18. முக்கால் பங்கில் நிற்பது மூன்றாம் கால்மானம், 63.25.

இந்த ஆறு எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். இடைநிலை 31.5ஆக இருக்கச் சராசரி மட்டும் 42ஐத் தாண்டிப் போயிருக்கிறது. பெரும்பாலான நாள்களில் ஓசோன் குறைவாகவே இருந்திருக்கிறது, ஏதோ சில நாள்கள் எகிறிப்போய்ச் சராசரியைத் தங்கள் பக்கம் இழுத்திருக்கின்றன என்பது வரைபடம் எதுவும் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. வெப்பநிலையில் இந்த இழுபறி இல்லை. அங்கே சராசரி 77.88 டிகிரி ஃபாரன்ஹீட், இடைநிலை 79. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இவற்றோடு திட்ட விலக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், சராசரியைச் சுற்றி மதிப்புகள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதும் கைக்கு வந்துவிடும்.

ஒரு நெடுவரிசைக்கு இதைச் செய்வது எளிது. ஆறுக்கும் செய்யலாம். நானூறு நெடுவரிசைகள் இருந்தால்?

புதியவர்கள் செய்வது எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அதைத்தான் செய்தேன். முதல் நெடுவரிசைக்குச் சராசரி கேட்டு ஒரு வரி எழுதுவோம். அதை நகலெடுத்து அடியில் ஒட்டி, பெயரை மட்டும் மாற்றுவோம். மறுபடி நகல், மறுபடி ஒட்டு. ஒருமுறை நாற்பது நெடுவரிசைகளுக்கு இப்படி எழுதியபோது, நடுவில் ஒரு வரியில் இடப்பக்கப் பெயரை மாற்றிவிட்டு வலப்பக்கப் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். நிரல் எந்தப் பிழையும் காட்டவில்லை; அது ஏன் காட்டப்போகிறது, கேட்டதைத்தானே கொடுத்தது. அடுத்தடுத்த இரண்டு நெடுவரிசைகளின் சராசரி நான்கு தசம இடம்வரை அச்சாக ஒன்றாயிருப்பதை அறிக்கையைப் படித்த ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

வேலை வேறு, சுற்று வேறு

இதிலிருந்து மீளும் வழிக்கு ஒரே ஒரு கருத்துதான் அடிப்படை. ‘சராசரி எடு’ என்பது ஒரு வேலை. ‘ஒவ்வொரு நெடுவரிசையிடமும் போய்வா’ என்பது இன்னொரு வேலை. நகலெடுத்து ஒட்டும்போது இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிடுகிறோம். இரண்டையும் பிரித்துவிட்டால், சுற்றிவரும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு, என்ன கணக்கு வேண்டும் என்பதை மட்டும் நாம் சொன்னால் போதும்.

பழைய வழி, லூப் எழுதுவது. முதல் நெடுவரிசையிலிருந்து கடைசிவரை எண்ணிக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுத்து ஒரு பட்டியலில் போட்டு வைக்கலாம். இதில் தவறு ஏதுமில்லை. லூப் எழுதுவதைப் பாவம்போலப் பேசுகிறவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆர் மொழியில் இதற்குச் சுருக்கமான வழி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த மொழி அட்டவணையை எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். நம் கண்ணுக்குக் கட்டங்களாகத் தெரிவது, ஆர் மொழிக்கு ஒரே நீளமுள்ள நெடுவரிசைகளின் பட்டியல். ஆறு பொட்டலங்களை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல. ஆகவே, பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலையைச் செய்யும் ‘எஸ்அப்ளை’ என்ற கட்டளையிடம் அட்டவணையைக் கொடுத்தால், அது தானாகவே நெடுவரிசை நெடுவரிசையாகப் போய்வரும். அடைப்புக்குறிக்குள் முதலில் அட்டவணையின் பெயர், பிறகு காற்புள்ளி, பிறகு ‘மீன்’ என்ற சராசரிச் சார்பின் பெயர் (சார்பு என்பது தரவை வாங்கி விடையைத் தரும் கட்டளை). அவ்வளவுதான். ‘மீன்’ இருக்கும் இடத்தில் ‘மீடியன்’ போட்டால் இடைநிலை, ‘எஸ்டி’ போட்டால் திட்ட விலக்கம். நெடுவரிசை ஆறானாலும் அறுநூறானாலும் அந்த வரி நீளாது.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு சார்பை இன்னொரு சார்பின் கையில் கொடுக்கிறோம். ஆகவே ‘மீன்’ என்ற பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போடக்கூடாது. அடைப்புக்குறி போட்டால் ‘இப்போதே கணக்கிடு’ என்று பொருள். பெயரை மட்டும் எழுதினால் ‘இந்தக் கருவியை வைத்துக்கொள், தேவையானபோது பயன்படுத்து’ என்று பொருள்.

இதே குடும்பத்தில் ‘அப்ளை’ என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றுதானே என்று எடுத்துவிடுவோம். அது அட்டவணையை முதலில் அணியாக மாற்றிக்கொள்ளும். அணியில் எல்லாக் கட்டமும் ஒரே வகையாக இருந்தாக வேண்டும். நெடுவரிசைகளில் ஒன்றே ஒன்று எழுத்தாக இருந்தாலும் மற்ற எண்களும் எழுத்தாகிவிடும். இதற்கும் கையோடு வரும் உதாரணம் உண்டு. ‘ஐரிஸ்’ என்ற அட்டவணையில் 150 பூக்களின் நான்கு அளவுகளும், இனத்தின் பெயரும் இருக்கின்றன. எஸ்அப்ளை மூலம் சராசரி கேட்டால் நான்கு அளவுகளுக்கும் சரியான விடை வரும், இனத்துக்கு மட்டும் விடையில்லை என்று வரும். அப்ளை மூலம் கேட்டால் ஐந்துக்குமே விடையில்லை. ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம்.

பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற நூலகம், அதாவது ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பு, இந்த வேலைக்குரியது. அதில் அட்டவணையின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து ‘டிஸ்க்ரைப்’ என்று எழுதினால், எண் நெடுவரிசைகள் அனைத்துக்கும் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம், குறைந்தது, மூன்று கால்மானங்கள், அதிகமானது என எட்டு எண்கள் வரும். எஸ்ஏஎஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ‘பிராக் மீன்ஸ்’, ஸ்டேட்டா என்ற இன்னொன்றில் ‘சம்மரைஸ்’. இந்த இரண்டும் கேட்காமலே கொடுப்பவை எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம், குறைந்தது, அதிகமானது. இடைநிலை வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். ஆர் மொழியின் ‘சம்மரி’ இதற்கு நேர்மாறு: இடைநிலையும் கால்மானமும் தரும், திட்ட விலக்கம் தராது. அதன் விடையில் ஒரு குறும்பும் இருக்கிறது. முழு அட்டவணைக்கும் சம்மரி கேட்டால் திரையில் வருவது எண்கள்போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு கட்டமும் ‘மின் : 1.00’ என்பதுபோன்ற எழுத்துச் சரம். பார்க்க அழகு, மேற்கொண்டு கணக்குப் போட ஆகாது.

ஆர் மொழியில் டிப்ளையர் என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘அக்ராஸ்’ என்ற சொல் இருக்கிறது. 2020இல் வந்த 1.0.0 பதிப்பில் அது சேர்ந்தது. அதற்கு முன்பு, எல்லா நெடுவரிசைக்கும் ஒரு கட்டளை, பெயர் சொன்னவற்றுக்கு ஒன்று, நிபந்தனைக்கு உட்பட்டவற்றுக்கு ஒன்று என மூன்று கட்டளைகளை நினைவில் வைக்க வேண்டியிருந்தது. பழைய பயிற்சிக் குறிப்புகளில் இன்னும் அவைதான் இருக்கும். கண்டால் குழம்ப வேண்டாம். அக்ராஸ் கேட்பது இரண்டே கேள்விகள்: எந்த நெடுவரிசைகள், என்ன கணக்கு?

எந்த நெடுவரிசைகள்?

முதல் கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘எல்லாம்’ என்று சொல்லிவிட்டு விடைக்குக் காத்திருப்பார்கள். நம் அட்டவணையில் எல்லாவற்றுக்கும் சராசரி கேட்டால் மாதம் என்ற நெடுவரிசைக்கு 6.993 என்று வரும். மே மாதத்துக்கு 5, ஜூனுக்கு 6 என்று எழுதியிருப்பதால் கணினிக்கு அதுவும் ஓர் எண். 6.993 என்பது என்ன மாதம்? ஜூலைக்குக் கொஞ்சம் முன்னால் என்று சிரித்துக்கொள்ளலாம். ஆனால் இதே தவறு அடையாள எண்ணுக்கும், அஞ்சல் குறியீட்டுக்கும், ஆண் 1 பெண் 2 என்று எழுதிய நெடுவரிசைக்கும் நடக்கிறது. அங்கே வரும் 1.47ஐப் பார்த்துச் சிரிக்காமல் அறிக்கையில் அச்சிட்டவர்களும் உண்டு. (அதே நெடுவரிசையை 0, 1 என்று எழுதியிருந்தால் சராசரிக்குப் பொருள் கிடைத்துவிடும் என்பது வேடிக்கை. 0.47 என்றால் 1 என்று குறித்தவர்கள் 47 விழுக்காடு.)

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் இருக்கிறது. எண்ணாக இருக்க வேண்டிய நெடுவரிசை எழுத்தாகிவிடுவது. ஆயிரம் எண்களுக்கு நடுவே யாரோ ஒரு கட்டத்தில் ஒரு சிறு கோட்டைப் போட்டிருப்பார், அல்லது 1,200 என்று காற்புள்ளியோடு எழுதியிருப்பார். கோப்பைப் படிக்கும் கட்டளை அந்த ஒரு கட்டத்துக்காக நெடுவரிசை முழுவதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பிறகு பாண்டாஸின் டிஸ்க்ரைப் எண் நெடுவரிசைகளை மட்டும் பொறுக்கிச் சுருக்கம் தரும். விடுபட்டது பற்றி மூச்சு விடாது. ஐம்பது நெடுவரிசை கொடுத்து நாற்பத்தொன்பதுக்கு விடை வந்தால் யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? நேரடியாகச் சராசரி கேட்பதில் பாண்டாஸ் இப்போது கறாராகிவிட்டது. எழுத்து நெடுவரிசை கலந்திருந்தால் முன்பு சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். 2023இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து பிழை காட்டி நின்றுவிடுகிறது. பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு இது நல்ல மாற்றம்.

ஆகவே நெடுவரிசைகளைப் பெயராலோ வகையாலோ நாமே தேர்ந்தெடுப்பது நல்லது. ‘எண்ணாக இருப்பவை எல்லாம், மாதமும் தேதியும் தவிர’ என்று சொல்ல அக்ராஸிலும் முடியும், பாண்டாஸிலும் முடியும்.

இல்லாத மதிப்புகள்

இப்போது எஸ்அப்ளை கட்டளையை ஏர்குவாலிட்டி மீது ஓட்டிப் பார்த்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஓசோனுக்கும் கதிர்வீச்சுக்கும் சராசரி வந்திருக்காது. ‘என்ஏ’ என்ற இரண்டு எழுத்துகள்தான் நிற்கும். காரணம், 37 நாள்களில் ஓசோன் அளவு இல்லை. 7 நாள்களில் கதிர்வீச்சு அளவு இல்லை.

ஆர் மொழியின் தர்க்கம் நேர்மையானது. தெரியாத ஓர் எண்ணோடு எதைக் கூட்டினாலும் விடை தெரியாததுதானே! இல்லாதவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடு என்று நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சார்பின் பெயருக்குப் பின் காற்புள்ளி போட்டு, ‘என்ஏ.ஆர்எம்’ என்பதை ‘ட்ரூ’ என்று அமைத்தால் 42.13 வந்துவிடும். பாண்டாஸ் கேட்காமலேயே ஒதுக்கிவிடும். வசதிதான். ஆனால் முதல்முறை பார்க்கிறவருக்கு எதுவும் விடுபட்டிருக்கிறது என்ற எண்ணமே வராது. அதே பைத்தானில் நம்பை நூலகத்தின் சாதாரணச் சராசரியோ ஆர் மொழியைப்போலவே கைவிரித்துவிடும். ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு வழக்கங்கள்.

ஒதுக்குவதிலும் இரண்டு வகை இருக்கிறது; நெடுவரிசைகள் பலவாகும்போதுதான் இந்த வேறுபாடு உறைக்கும். ஒவ்வொரு நெடுவரிசையிலும் அதற்குரிய இல்லாத மதிப்புகளை மட்டும் ஒதுக்கலாம். அப்போது ஓசோனின் சராசரி 116 நாள்களுக்கு, கதிர்வீச்சு 146 நாள்களுக்கு, வெப்பநிலை 153 நாள்களுக்கு. அல்லது ஏதேனும் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தக் கிடைவரிசையையே வெட்டி எறியலாம். அப்படிச் செய்தால் மிஞ்சுவது 111 நாள்கள். வெப்பநிலையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஆனாலும் ஓசோனும் கதிர்வீச்சும் செய்த குற்றத்துக்கு அதிலிருந்து 42 நாள்கள் பறிபோகும். சராசரி 77.88இலிருந்து 77.79ஆக மாறும். இங்கே வேறுபாடு சிறியது. நூறு நெடுவரிசைகளில் ஆளுக்கு இரண்டு மூன்று காலிக் கட்டங்கள் வெவ்வேறு கிடைவரிசைகளில் இருந்தால், இரண்டாவது முறையில் அட்டவணையே காணாமல் போய்விடும்.

காலிக் கட்டத்தில் 0 போட்டு நிரப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால். 116 நாள்களின் ஓசோன் மொத்தம் 4887. அதை 116ஆல் வகுத்தால் 42.13. காலி நாள்களை 0 என்று எழுதி 153ஆல் வகுத்தால் 31.94. அளக்காத 37 நாள்களில் காற்றில் ஓசோனே இல்லை என்று சாதித்த கணக்கு அது.

இதன் தம்பி ஒருவன் உண்டு: 999 அல்லது கழித்தல் 999. ‘அளவு இல்லை’ என்பதற்கு அடையாளமாக அதை எழுதும் வழக்கம் பழைய கோப்புகளில் நிறைய இருக்கிறது. 12, 15, 11, 14 என்ற நான்கு நல்ல மதிப்புகளின் சராசரி 13. ஐந்தாவதாகக் கழித்தல் 999 சேர்ந்தால் சராசரி கழித்தல் 189.4. இவ்வளவு கோணலாக இருந்தால் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். பத்தாயிரம் மதிப்புகளுக்கு நடுவே இரண்டே இரண்டு இருந்தால் சராசரி கொஞ்சமே நகரும், சந்தேகம் வராது. ஆனால் ‘குறைந்தது’ என்ற இடத்தில் கழித்தல் 999 பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதனால் புதிய அட்டவணை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது குறைந்ததும் அதிகமானதும்தான், சராசரி பிறகு.

ஒரு நெடுவரிசை முழுவதும் காலியாக இருந்தால் நடப்பதும் தெரிந்திருக்கட்டும். இல்லாதவற்றை ஒதுக்கிக் கூட்டல் கேட்டால் ஆர், பாண்டாஸ் இரண்டுமே 0 என்று சொல்லும். அதிகமானது எது என்று ஆர் மொழியிடம் கேட்டால், எச்சரிக்கையோடு கழித்தல் முடிவிலி வரும். கணிதப்படி சரிதான். அறிக்கையில் ‘மொத்தம்: 0’ என்று அச்சாகும்போதுதான் வம்பு.

எண்ணிக்கையைக் கூடவே கேளுங்கள்

மாதவாரியாகப் பிரித்துப் பார்ப்போம். குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கணக்கிடுவது இந்த வேலையின் அடுத்த படி. டிப்ளையரில் ‘குரூப் பை’, பாண்டாஸிலும் அதே பெயர். ஓசோனின் சராசரி மே மாதம் 23.62, ஜூன் 29.44, ஜூலை 59.12, ஆகஸ்ட் 59.96, செப்டம்பர் 31.45.

அழகான கதை. கோடையில் ஏறி, செப்டம்பரில் இறங்குகிறது. இதை அப்படியே எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சராசரியின் பக்கத்தில் எத்தனை நாள்கள் என்பதையும் கேட்டிருந்தால் 26, 9, 26, 26, 29 என்று வந்திருக்கும். ஜூன் மாதத்தின் 30 நாள்களில் ஓசோன் அளவு இருப்பது வெறும் 9 நாள்களுக்கு. 29.44 என்ற அந்த எண், ஆகஸ்டின் 59.96 அளவுக்கே கம்பீரமாக இரண்டு தசம இடங்களோடு நிற்கிறது. தன் பின்னால் ஒன்பதே பேர் இருப்பதை அது சொல்லாது. சராசரி கேட்கும் எந்தக் கட்டளையிலும் எண்ணிக்கையையும் சேர்த்தே கேட்கும் பழக்கம் எனக்கு இந்த அட்டவணையில்தான் வந்தது. காலி அல்லாதவற்றின் எண்ணிக்கை என்பதைக் கவனிக்கவும். குழுவில் மொத்தம் எத்தனை கிடைவரிசை என்று எண்ணும் கட்டளை ஜூனுக்கு 30 என்றுதான் சொல்லும்.

எண்ணிக்கை இல்லாமல் சேர்க்கவும் முடியாது. ஐந்து மாதச் சராசரிகளைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 40.72. உண்மையான சராசரியோ 42.13. ஒன்பது நாள் ஜூனுக்கும் இருபத்தொன்பது நாள் செப்டம்பருக்கும் சம ஓட்டு கொடுத்ததால் வந்த வினை. ஒவ்வொரு மாதச் சராசரியையும் அதன் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி 116ஆல் வகுத்தால் 42.13 திரும்பக் கிடைத்துவிடும். இடைநிலைக்கு இந்த வைத்தியம்கூடக் கிடையாது. ஐந்து இடைநிலைகளை எப்படிச் சேர்த்தாலும் மொத்தத்தின் இடைநிலை வராது, பழையபடி மூலத் தரவுக்குத்தான் போக வேண்டும்.

ஆர் மொழியோடு வரும் ‘அக்ரிகேட்’ கட்டளையில் இன்னொரு பொறி. மற்ற எல்லா நெடுவரிசைகளையும் மாதவாரியாகச் சராசரியிடு என்று சூத்திர வடிவில் எழுதினால், அது கேட்காமலேயே காலிக் கட்டமுள்ள கிடைவரிசைகளை முழுதாக வெட்டிவிடும். மே மாத வெப்பநிலைச் சராசரி 65.55. அக்ரிகேட் அந்த வடிவில் தருவதோ 66.46. இரண்டு பேர் இரண்டு வழியில் கணக்கிட்டு, யார் நிரலில் பிழை என்று அரைநாள் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். இருவர் நிரலிலும் பிழை இல்லை. ஒருவர் 31 நாள்களைக் கணக்கிட்டார், மற்றவர் 24 நாள்களை. பாண்டாஸின் குரூப் பை வேறு விதத்தில் வாய்மூடி இருக்கும்: குழுவின் பெயரே காலியாக உள்ள கிடைவரிசைகளை விடையில் காட்டாது.

விடையின் வடிவம்

நாற்பது நெடுவரிசைகளுக்கு ஐந்து கணக்குகள் கேட்டால் இருநூறு எண்கள் வரும். அவற்றை எப்படி அடுக்குவது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், நேரம் தின்பது அதுதான். அக்ராஸ் எல்லாவற்றையும் ஒரே கிடைவரிசையில் இருநூறு நெடுவரிசைகளாக நீட்டிவிடும். நெடுவரிசைப் பெயரும் கணக்கின் பெயரும் அடிக்கோட்டால் இணைந்து புதுப் பெயராகும். திரையில் படிக்க முடியாது. பாண்டாஸின் டிஸ்க்ரைப், கணக்குகளைக் கீழ்நோக்கியும் நெடுவரிசைகளைப் பக்கவாட்டிலும் வைக்கும். நெடுவரிசைகள் அதிகமானால் நடுவில் மூன்று புள்ளிகளைப் போட்டு விழுங்கிவிடும். அதன் முடிவில் புள்ளி வைத்து ‘டி’ என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்தால் விடை தொண்ணூறு டிகிரி திரும்பி, நெடுவரிசைக்கு ஒரு வரியாகக் கீழே இறங்கும். தினமும் பலமுறை நான் தட்டும் எழுத்து அது.

ஆர் மொழியில் நான் வேறு வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சுருக்கத்துக்கு முன்பே அட்டவணையை நீளவாக்கில் மாற்றிவிடுவது. டைடிஆர் தொகுப்பின் ‘பிவட் லாங்கர்’ கட்டளை அதைச் செய்யும். நம் அட்டவணையின் நான்கு அளவுகளும் நான்கு நெடுவரிசைகளாக நிற்பதற்குப் பதில், ‘எந்த அளவு’ என்று ஒரு நெடுவரிசை, ‘எவ்வளவு’ என்று ஒரு நெடுவரிசை. 153 கிடைவரிசைகள் 612 ஆகிவிடும். பிறகு ‘எந்த அளவு’ என்பதைக் குழுவாக வைத்து, ‘எவ்வளவு’ என்ற ஒரே நெடுவரிசைக்கு எண்ணிக்கை, சராசரி, இடைநிலை என எத்தனை கணக்கு வேண்டுமானாலும் கேட்கலாம். அளவுக்கு ஒரு வரி, கணக்குக்கு ஒரு நெடுவரிசை என்று அறிக்கையில் அப்படியே வைக்கும் வடிவில் விடை வந்துவிடும். பல நெடுவரிசைச் சிக்கல், குழுச் சிக்கலாக மாறிவிட்டதைக் கவனியுங்கள். மாதத்தையும் சேர்த்துக் குழுவாக்கினால் இன்னும் ஒரு சொல்தான் கூடும்.

பக்கவாட்டில் கணக்கிடுவது தனி. ஒரே கிடைவரிசையில் உள்ள பல நெடுவரிசைகளைச் சராசரியிட வேண்டியிருக்கலாம், ஒருவர் பத்துக் கேள்விகளுக்குத் தந்த மதிப்பெண்களைப்போல. ஆர் மொழியில் ‘ரோமீன்ஸ்’ அதற்கானது. பாண்டாஸில் ‘ஆக்சிஸ்’ என்பதை 1 என்று வைக்க வேண்டும். 0 என்றால் கீழ்நோக்கி ஓடி நெடுவரிசைக்கு ஒரு விடை, 1 என்றால் பக்கவாட்டில் ஓடிக் கிடைவரிசைக்கு ஒரு விடை. இதை எத்தனை முறை படித்தாலும் மறந்துபோகும். விடையின் நீளத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வதே உத்தமம்.

ஒரே தரவு, வேறு விடை

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு மென்பொருள்கள் இரண்டு விடை தரும் நாள் ஒன்று வரும். திட்ட விலக்கத்தில் பெரும்பாலும் வகுக்கும் எண்தான் காரணம். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களின் சராசரி 5. ஒவ்வொன்றும் 5இலிருந்து விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 32. அதை 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2. கையிலுள்ளது மொத்தத்தின் ஒரு மாதிரி மட்டுமே என்று கருதி 7ஆல் வகுத்தால் 2.14. ஆர் மொழியும் பாண்டாஸும் ஒன்றைக் குறைத்து வகுக்கும். நம்பை நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் முழு எண்ணிக்கையால் வகுக்கும். பாண்டாஸ் அட்டவணையிலிருந்து ஒரு நெடுவரிசையை எடுத்து நம்பை அணியாக மாற்றிவிட்டுத் திட்ட விலக்கம் கேட்டால் எண் மாறுவது இதனால்தான்.

கால்மானத்தில் சண்டை இன்னும் சுவாரசியமானது. 1, 2, 3, 4 என்ற நான்கே எண்கள். முதல் கால்மானம் எது? ஆர் மொழி 1.75 என்கிறது. எஸ்ஏஎஸ் 1.5 என்கிறது. மூன்றாவதாக இன்னொரு முறையில் 1.25 வரும். கால் பங்கு துல்லியமாக எந்த எண்ணின் மேலும் விழாமல் இரண்டு எண்களுக்கு நடுவே விழும்போது, அந்த இடைவெளியை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் வேறுபாடு. ஹைண்ட்மன், ஃபேன் என்ற இருவர் 1996இல் இந்த முறைகளைத் திரட்டி ஒன்பது வகையாக எண்ணிட்டார்கள். ஆர் மொழியின் ‘குவாண்டைல்’ கட்டளையில் ஒன்பதும் இருக்கின்றன. ஒன்றும் சொல்லாவிட்டால் ஏழாவது. எஸ்ஏஎஸ் வழக்கமாகத் தருவது அந்த எண்ணிக்கையில் இரண்டாவது வகை. ஆகவே ஆர் மொழியில் ‘டைப்’ என்பதை 2 என்று வைத்தால் 1.5 வந்துவிடும். கிடைவரிசைகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஒன்பது நாள் ஜூன் போன்ற குழுக்களில் தெரியும். யாருடைய விடை சரி என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் எந்த வகையில் கணக்கிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.